மூச்சுவாங்கி மலையில் ஒரு கேரவன்

"இந்த வண்டி ஏறாத மலை இனிமேத்தான் மொளைக்கோணும். சந்தேகம் இருக்கிறவங்க இப்பவே எறங்கிக்கலாம்" என்றார் அர்த்தநாரி.

யாரும் இறங்கவில்லை. இறங்குவதற்கு இருந்ததே இரண்டு பேர்தான். ஒருத்தி கோகிலவாணி, அவருடைய அக்காள் மகள். இன்னொருவர் ரஹ்மத்துல்லா பாய், பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர். லாரியின் முன்கண்ணாடிக்கு அப்பால் மூச்சுவாங்கி மலை காலை வெயிலில் நிமிர்ந்து நின்றது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் ஆறு வளைவு இறங்கினால் தும்பக்காடு. அந்த ஊரில் ஒரு வீட்டுக் கட்டிலில், இடுப்பெலும்பு முறிந்து பன்னிரண்டு நாளாகப் படுத்திருந்தார் கோகிலவாணியின் அப்பா மாரப்பன்.

மாரப்பன் புதையல் தேடுகிறவர். இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். வெளியாட்களுக்குத்தான் அது சுவாரசியம், வீட்டில் உள்ளவர்களுக்கு அது ஒரு தீராத நோய். எப்போதோ ஒரு பாளையக்காரர் போருக்குப் போகுமுன் தன் பொன்னையெல்லாம் அந்த மலையில் புதைத்துவிட்டுப் போனாராம். யாரோ சொன்ன அந்த ஒரு பேச்சை நம்பிப் பதினான்கு வருடம் அலைந்தார் மனிதர். வீட்டில் ஓடிய நான்கு விசைத்தறிகளும் நின்றன. கோகிலவாணியின் பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை என்று எல்லாவற்றுக்கும் அம்மா பாப்பாத்தி ஒருத்திதான் கூட வந்து நின்றாள். கடைசியாகக் கிளம்பியவரிடமிருந்து பதினொரு மாதம் ஒரு சேதியும் இல்லை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள்.

முந்தின நாள் மாலைதான் தும்பக்காட்டுக்கு மாதம் ஒருமுறை நடந்து போகும் நர்சம்மா ஊர் திரும்பி போன் செய்தார். மாரப்பன் குகையிலிருந்து வெளியே வரும்போது விழுந்துவிட்டார், காய்ச்சல் விடவே இல்லை, முதுகில் படுக்கைப்புண் சீழ் வைத்துவிட்டது, நாளைக்குப் பொழுது சாய்வதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்றார்.

பாப்பாத்தி இதைக் கேட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அந்த மனுசன் மூஞ்சியில முழிக்கிறதா இல்ல நானு. நீங்க வேணா போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சொல்வது சுலபம், போவது எப்படி? ஆற்றோரமாகப் போகும் தார்ச்சாலையில் பாலத்தை மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது மூச்சுவாங்கியின் பழைய கல்ரோடு ஒன்றுதான். ஆம்புலன்ஸ் அதில் மூன்று வளைவு தாண்டாது. தூளி கட்டித் தோளில் தூக்கி வரலாமென்றால் முறிந்த இடுப்பு மடங்கும். லாரியில் கிடத்தினால் அந்தக் குலுக்கலிலேயே உயிர் போகும்.

அப்போதுதான் பாய் தன் பட்டறை வாசலில் நின்ற கேரவனைக் காட்டினார். ஏதோ ஒரு சினிமா கம்பெனிக்காக அவர் கட்டியது. உள்ளே மெத்தை, மின்விசிறி, சிறிய சமையல் மேடை, அடியில் பஸ்ஸில் இருந்து எடுத்த மெத்தென்ற பட்டை ஸ்பிரிங்குகள். கம்பெனிக்காரர்கள் வந்து எடுக்கவே இல்லை. அதற்கென்று தனியாக பிரேக் மட்டும் கிடையாது. சமதரையில் இழுத்துப் போய் நிறுத்துகிற பெட்டிக்கு பிரேக் எதற்கு என்று பாய் விட்டுவிட்டார்.

இழுப்பதற்கு, லாரி பழுதுபார்க்கும் மேஸ்திரியான அர்த்தநாரியின் பழைய போர்வெல் லாரி. அந்த லாரியை அவர் செய்திருந்த கூத்துக்கு அளவே இல்லை. டீசல் பம்பைக் கூட்டி வைத்து, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பெரிய டர்போ ஏற்றி, புகைக்குழாயை அகலக் குழாயாக மாற்றியிருந்தார். முன்பு அந்தக் குழாயின் குறுக்கே ஒரு தகட்டு மூடி இருந்தது. இறக்கத்தில் ஓட்டுநர் பட்டனை அழுத்தினால் மூடி புகை வழியை அடைக்கும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வண்டியின் ஓட்டம் தானாக அடங்கும். எக்ஸாஸ்ட் பிரேக் என்பார்கள். ஏற்றத்தில் அது புகைக்கு இடைஞ்சல் என்று அர்த்தநாரி அதைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார். அவர் தொழிலில் இழுவைதான் கௌரவம். மேடேறும் லாரியைப் பார்க்க நான்கு பேர் நிற்பார்கள், இறங்குகிற லாரியை எவன் பார்க்கிறான்?

அதனால் ஏற்றம் ஒரு திருவிழாவாகவே நடந்தது. முதல் வளைவில் சரளைக்கல் தெறித்தது. ஐந்தாவது வளைவில் கேரவனின் வால் ஒரு மரத்தை உரசிக்கொண்டு திரும்பியது. ஒவ்வொரு வளைவிலும் பாய் கீழே குதித்து, தோளில் ஒரு மரக்கட்டையுடன் பின்சக்கரத்தோடு ஓடினார். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட வேண்டும். போட வேண்டிய தேவையே வரவில்லை. டர்போ ஊளையிட, கரும்புகையைக் கக்கிக்கொண்டு லாரி இருபத்தேழையும் விழுங்கி மேலே போய் நின்றது.

"பாத்தியா அம்மிணி?" என்றார் அர்த்தநாரி, மீசையைத் தடவிக்கொண்டு.

கோகிலவாணி பார்த்தாள். அந்தப் பக்கத்து ஆறு வளைவும் இறங்கும்போது சக்கரங்களிலிருந்து கருகல் நாற்றம் வந்ததையும் பார்த்தாள்.

"என்ன மாமா, ஏதோ தீயிற வாடை?"

"பிரேக்குல புது லைனிங்கு. மொதல்ல அப்படித்தான் நாறும். பொறவு சரியாயிரும்."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, அர்த்தநாரியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

தும்பக்காட்டில் மாரப்பனைக் கோகிலவாணிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. எலும்பின் மேல் தோலைப் போர்த்தியதுபோல் கிடந்தார். கண் மட்டும் காய்ச்சலில் பளபளத்தது. மார்பின் மேல் துண்டில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பதினொரு மாதத்துக்குப் பிறகு மகளைப் பார்த்த அப்பா சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"கெடச்சிருச்சு கண்ணு."

துண்டுக்குள் இருந்தது ஒரு செப்பேடு. அரை விரல் கனம், பச்சைக் களிம்பு ஏறி, வரிவரியாக யாராலும் படிக்க முடியாத பழைய எழுத்து. பொன் இருக்கும் இடம் இதில் இருக்கிறது, எழுத்துத் தெரிந்தவரிடம் காட்டினால் போதும் என்றார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அம்மாவைப் பற்றியும் கேட்கவில்லை. சாகக் கிடக்கிற மனிதரிடம் சண்டை போடவும் முடியாமல், கோகிலவாணி அவர் வாயில் தண்ணீரை ஊற்றினாள். ஊர்க்காரர்கள் நான்கு பேர் பலகையோடு அவரைத் தூக்கிக் கேரவன் மெத்தையில் வைத்தார்கள். அப்போதும் அவர் கை செப்பேட்டை விடவில்லை.

அவள் அப்பாவோடு கேரவனிலேயே உட்கார்ந்துகொண்டாள். கதவின் தாழ்ப்பாள் குலுக்கலில் தானாகத் திறந்துகொண்டதால் பாய் அதை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டிவிட்டு லாரியில் ஏறினார். ஆறு வளைவையும் லாரி அநாயாசமாக ஏறி உச்சியைத் தொட்டபோது மணி ஒன்றரை. இனி இறக்கம்தானே என்று அவள் நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் குறைந்தது.

இறக்கம்தானே! மேடேறும்போது கேரவன் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தது. இப்போது அது லாரியைத் தள்ள ஆரம்பித்தது.

முதல் மூன்று வளைவு வரை ஒன்றும் தெரியவில்லை. இருபத்து நான்காவது வளைவில் டம்ளர் உருண்டது. இருபத்து மூன்றில் பாத்திரங்கள் மொத்தமாகச் சரிந்தன. முன்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லாரியின் பின்சக்கரங்களிலிருந்து வெண்புகை வந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் காற்று உஸ்ஸென்று சீறியது. அந்தச் சீற்றம் வரவர அடிக்கடி கேட்டது, வண்டி மட்டும் அடங்கவில்லை.

"மாமா, நிறுத்துங்க" என்று சுவரை ஓங்கிக் குத்தினாள். எஞ்சின் இரைச்சலில் அது யார் காதில் விழும்? போனை எடுத்தாள், சிக்னல் இல்லை. கதவைத் தள்ளினாள், கயிறு இறுகியிருந்தது. நின்று யோசிக்கவும் தரை விடவில்லை. கடைசியில் மெத்தையின் பக்கத்தில் மண்டியிட்டு, அப்பாவின் இடுப்பு அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெட்டிக்குள் அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பத்தொன்பதாவது வளைவில் லாரி அகலமாகத் திரும்பியது. கேரவனின் பின்பாதி ரோட்டை விட்டு வெளியே போனது. பின்ஜன்னலில் ரோடு இல்லை, கல் இல்லை. கீழே வெகு ஆழத்தில் மரங்களின் உச்சிகள்தான் தெரிந்தன. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். அம்மா இன்னும் அடுப்படியில்தான் இருப்பாள் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது.

சக்கரம் விளிம்பைக் கடித்துக்கொண்டு உள்ளே ஏறியது. அடுத்த நேர்ப்பாதையில் அர்த்தநாரி வேறு வழியில்லாமல் லாரியை மலைப்பக்கம் ஒடித்தார். இடது சக்கரங்கள் ஓரத்து வாய்க்காலில் இறங்கின. லாரியின் கதவு, பலகை, கேரவனின் பக்கச்சுவர் எல்லாம் மண் சரிவில் உராய்ந்துகொண்டே நூறடி தூரம் போய், ஒரு பாறையில் முட்டி வண்டி நின்றது.

பாய் ஓடிவந்து கயிற்றை அறுத்தார். கோகிலவாணி இறங்கிப் பார்த்தபோது அர்த்தநாரி ரோட்டில் உட்கார்ந்திருந்தார். எந்த மலையையும் ஏறும் என்று மீசை தடவியவர் இப்போது லாரியின் பக்கமே திரும்பவில்லை.

"பிரேக்கு சுத்தமா இல்ல அம்மிணி. சக்கரத்து டிரம்மு சூட்டுல பழுத்துப் போச்சு. பிரேக்குக் காத்தும் எறங்கிப் போச்சு. ஆற வெச்சு எடுத்தாலும் நாலு வளைவு தாண்டாது, மறுக்கா இதே கதிதான். இன்னும் பதினெட்டு இருக்குது. என்னால ஆவாது. நானே உங்கப்பனக் கொன்னுருவேன்."

மணி இரண்டரை. மேகம் உச்சியிலிருந்து இறங்கி ரோட்டை மூட ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. உள்ளே மாரப்பன் பிதற்றத் தொடங்கியிருந்தார். நெற்றியைத் தொட்டால் சுட்டது. கோகிலவாணி நனைத்த துணியை அவர் நெற்றியில் போட்டாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாய் லாரிக்கு அடியில் படுத்துப் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கைலியில் கையைத் துடைத்தார்.

"மேஸ்திரி, இதுக்கு மூச்ச ரொம்பத் தொறந்து விட்டுட்டோம். மறுபடியும் அடைக்கணும்."

"எதை வெச்சு பாய் அடைக்கிறது? அந்த மூடி பழைய இரும்புக் கடையில கெடக்குது."

"குழாய் ரெண்டும் போல்ட் போட்டுச் சேருற எடத்துல நடுவுல ஒரு தகடு சொருகுவோம். தகட்டுல சின்னதா ஒரு ஓட்டை. புகை அந்த வழியாத்தான் போகணும். எஞ்சின் தெணறும், இழுவை செத்துப்போகும். ஆனா எறங்குறதுக்கு இழுவை எதுக்கு?"

அர்த்தநாரி அவரைப் பார்த்தார். தான் ஒரு வருடம் பாடுபட்டுச் சேர்த்த பலத்தைத் தன் கையாலேயே கெடுக்கச் சொல்கிறார் பாய். எழுந்து ஸ்பேனரை எடுத்தார்.

பாயிடம் சுத்தியலும் உளியும்தான் இருந்தன. கேரவனில் இருந்த எவர்சில்வர் தட்டை வெட்டி, ஓட்டை போட்டு, குழாய்க்கு நடுவில் வைத்து இறுக்கினார். பிரேக் ஆறியதும் மூன்று மணிக்கு வண்டி நகர்ந்தது. எஞ்சின் இருமியது, வேகம் அடங்கியது. பதினெட்டாவது வளைவைத் திரும்பினார்கள். கோகிலவாணிக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். தட்டு கிழிந்துவிட்டது. மறுபடியும் வாய்க்கால், மறுபடியும் மண் சரிவு. கேரவனின் பக்கக் கண்ணாடி நொறுங்கி மெத்தை மேல் கொட்டியது. அப்பாவின் முகத்தில் விழாமல் அவள் தன் முதுகைக் கொடுத்தாள்.

"மெல்லிசு தாங்காது" என்றார் பாய், கிழிந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "கனமா வேணும். கனமான இரும்பை இந்த உளியால வெட்ட முடியாது. அதுதான் வினை. கனமாவும் இருக்கணும், வெட்டவும் வரணும்."

சொல்லிக்கொண்டே கேரவனுக்குள் ஏதாவது கிடைக்குமா என்று ஏறினார். நான்கு பக்கமும் தேடிய அவர் கண் மாரப்பனின் மார்பில் வந்து நின்றது. செம்பு. அரை விரல் கனம், உளிக்கு வளைந்து கொடுக்கும் உலோகம். பாய் உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் பார்த்ததைக் கோகிலவாணி பார்த்துவிட்டாள். வாசலில் நின்ற அர்த்தநாரியும் பார்த்துவிட்டார்.

"கேக்காத அம்மிணி" என்றார் அவர் மெதுவாக. "எங்கக்காளையே வேண்டாம்னு போன மனுசன். இதைக் குடுப்பாரா?"

கோகிலவாணி கேட்கவில்லை. கேட்டு, அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்டுக்கொண்டு அவளால் மிச்ச வாழ்க்கையை ஓட்ட முடியாது. பிடுங்கிக்கொள்ளலாம், தடுக்க அவருக்குத் தெம்பு கிடையாது. அதற்கும் மனம் வரவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள்.

"அழுவாத" என்று ஒரு குரல் வந்தது. மாரப்பன் கண் திறந்திருந்தார். பிதற்றல் இல்லை, அவர்கள் பேசியதைக் கேட்டவராய்த் தெளிவாகத்தான் பார்த்தார். அவள் முதுகில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்ததில் அந்தப் பார்வை நின்றது.

"பாய், இந்தக் கனம் போதுமுங்களா?"

பாய் செப்பேட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நெசமாத்தான் மச்சான்?" என்றார் அர்த்தநாரி. "ஓட்டை போடோணும். எழுத்து போயிருமுங்க."

"ஓரமாப் போடுங்க. நடுவுல இருக்கிற நாலு வரி மட்டும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "ஓரத்துல போட்டா வேலைக்காவாது, இல்லீங்களா? நடுவுலயே போடுங்க."

கோகிலவாணி துண்டைப் பிடித்தாள். அவர் விரல்கள் உடனே பிரியவில்லை. கொடுக்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது, பதினான்கு வருடப் பழக்கம் கைக்கு இருந்தது. அவள் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். பிறகு போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். களிம்பு ஏறிய எழுத்து அதில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே உளி மேல் முதல் அடி விழுந்தபோது மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழுந்துகொண்டே இருந்த அரை மணி நேரமும் திறக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு வண்டி மறுபடி கிளம்பியது. செம்பு தாங்கியது. ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த லாரி, ஆஸ்துமாக்காரர்போல் இழுத்து இழுத்து, நடக்கிறவர் வேகத்தில் இறங்கியது. பாய் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தார். வளைவுக்கு வளைவு நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டிரம்மைத் தொட்டுப் பார்த்து, மறுபடி கிளம்பினார்கள். எந்த நிமிடம் அந்தத் தகடும் கிழியுமோ என்று கோகிலவாணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினைந்தாவது வளைவில் மாரப்பன் பேசினார்.

"நீ இப்ப என்ன வேலைக்குப் போறே கண்ணு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கோபம் வரவேண்டிய இடம்தான். ஏனோ வரவில்லை.

"ரயில்வேயில. சிக்னல் பிரிவுல."

"சிக்னல்னா, அந்தக் கம்பத்து மேலயெல்லாம் ஏறோணுமா?"

"ஏறோணும்."

"பயமாயிருக்காதா?"

"மொதல்ல இருந்துச்சு."

அவர் அதை யோசித்தார். அடுத்த வளைவில், எந்த ஊரில் என்று கேட்டார். அதற்கடுத்த வளைவில், மழையில் கம்பம் வழுக்காதா என்று கேட்டார். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், கூட யார் இருக்கிறார்கள், மேலே நின்றால் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். காய்ச்சலில் நாக்கு குழறியது, ஆனால் கேள்வி நிற்கவில்லை. அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். எப்போது பத்தாவது வளைவு போனது, எப்போது ஐந்தாவது போனது என்று தெரியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மூச்சுவாங்கியின் அடிவாரத்தில் லாரி வந்து நின்றது. மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. நர்சம்மா சொல்லி வைத்த ஆம்புலன்ஸ் அங்கே காத்திருந்தது, பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து கால் மணி தூரம்தான். அர்த்தநாரி இறங்கி, தன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ஏறுறதப் பத்தியே ரோசனை பண்ணிட்டேன் பாய். எறங்கோணும்கிற நெனப்பே இல்லாமப் போச்சு" என்றார். மறுநாள் காலை முதல் வேலையாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய், அந்த மூடியைத் தேடி எடுத்து மாட்டவும் செய்தார்.

பாய் குழாயைக் கழற்றிச் செப்பேட்டை வெளியே எடுத்தார். கரி பிடித்துக் கிண்ணம் போல் குழிந்திருந்தது. பிறகு ஒரு பேராசிரியர் அதை நான்கு மாதம் வைத்துப் பார்த்தார். சுற்றிலும் மிஞ்சிய வரிகளில் பாளையக்காரரின் பெயரும் அவர் முன்னோர் பெருமையும் இருந்தனவாம். பொன்னைப் பற்றி ஏதாவது இருந்திருந்தால் அது ஓட்டை விழுந்த இடத்தில் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மாலை மாரப்பனைப் பலகையோடு இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியபோது, உள்ளே ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை, பைக்குள் வேட்டி, துண்டு, ஒரு பாத்திரத்தில் கஞ்சி. மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்று சொன்ன பாப்பாத்தி, சொன்னபடியே ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மாரப்பன் அவள் சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்தார். செப்பேட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற பாயை அவர் பார்க்கவே இல்லை.

"பாப்பாத்தி, சேதி தெரியுமா உனக்கு?" என்றார். குரல் பரபரத்தது. "நம்ம கோகிலா ரயில்வேயில சிக்னல் பாக்கறா. அத்தாச்சோட்டு ஒசரக் கம்பத்துல ஒத்தையா ஏறுறாளாம். பயமே இல்லையாம்."

பாப்பாத்தி ஜன்னலிலிருந்து திரும்பினாள். அவர் முகத்தையே நேராகப் பார்த்தாள்.

"தெரியுமுங்க" என்றாள். "மூணு வருசமாத் தெரியும். கஞ்சியக் குடிங்க."